ஊர் கூடிச் சோறு போட்ட பூதங்கள்

உலகம் முழுக்க ராட்சசர்களை வெட்டிச் சாய்த்த கதைகள் உண்டு. மதுரை வட்டாரம் அவர்களைக் காவலுக்கு வைத்தது, வயிற்றுக்கும் வழி செய்தது.

கல்யாண வீட்டில் சோறு மிஞ்சிவிட்டது. விருந்துக்கு வந்த தேவரும் முனிவரும் மன்னரும் உண்டு எழுந்த பிறகும் மடைப்பள்ளியில் அன்னம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. மணப்பெண் தடாதகைப் பிராட்டிக்கு, அதாவது மீனாட்சிக்கு, உள்ளூரப் பெருமிதம். பாண்டிய நாட்டுச் செழிப்பை மாப்பிள்ளையும் கொஞ்சம் பார்க்கட்டுமே என்று, உங்கள் கணங்களில் பசியோடு யாராவது மிச்சம் இருந்தால் அனுப்புங்கள் என்கிறாள். மாப்பிள்ளை சொக்கநாதராகிய சிவபெருமான், பக்கத்தில் நின்ற குள்ளப் பூதம் ஒன்றைக் கைகாட்டி, இவனுக்கு ஒரு பிடி சோறு போடச் சொல்லு, போதும் என்கிறார்.

அந்தப் பூதம்தான் குண்டோதரன். அவன் வயிற்றில் வடவைத் தீயை மூட்டியே பந்திக்கு அனுப்பினார் இறைவன். சோற்று மலை காணாமல் போயிற்று. கறியும் கனியும் போயின. கடைசியில் சமைக்காத அரிசி, பருப்பு, காய்கறி வரைக்கும் போயின. பசி மட்டும் போகவில்லை. பூமிக்குள்ளிருந்து தயிர்ச்சோற்றுக் குழிகள் நான்கு எழுந்த பிறகுதான் வயிறு அடங்கியது. அடுத்துத் தாகம். கிணறு, குளம் எல்லாம் வற்ற, சடையில் இருந்த கங்கையையே இறக்கிவிட வேண்டியதாயிற்று. அவன் கையை வைத்துப் பருகிய அந்த ஆறுதான் வைகை என்று மதுரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மொத்தம் 64 படலங்கள். அதில் 7, 8 ஆகிய இரண்டு படலங்கள் இந்த ஒரு வயிற்றுக்கே போய்விட்டன.

கதை முடிகிற விதத்தைக் கவனியுங்கள். குண்டோதரனை யாரும் கொல்லவில்லை, கட்டிப்போடவில்லை. வயிறு நிறைந்தவன் ஆடிப் பாடுகிறான். இறைவன் மகிழ்ந்து பூத கணங்களுக்கு அவனைத் தலைவனாக்குகிறார்.

நம்மைவிடப் பெரியவன், நம்மைவிடப் பலசாலி, நம்மைவிடப் பசிக்காரன் ஒருவன் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? ராட்சசக் கதைகள் எல்லாம் அடிப்படையில் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன. மதுரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியும் சொன்ன பதில் இதுதான்: வேலை கொடு, சோறு போடு, அந்தச் சோற்றுச் செலவை ஊரே பகிர்ந்துகொள்.

கல்லாய்ப் படுத்தவர்கள்

இங்கே கொல்லப்பட்ட பூதாகாரங்களும் உண்டு. ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையில் போகிறவர்களுக்கு இடப்பக்கம் ஒரு பாறை யானை துதிக்கையை நீட்டிப் படுத்திருப்பது தெரியும். விக்கிரம பாண்டியன் காலத்தில் சமணர்கள் வேள்வியில் பிறப்பித்து மதுரை மீது ஏவிய யானை அது என்பது புராணம். சொக்கநாதர் வில்லேந்திய சேவகனாக வந்து நரசிங்கக் கணை தொடுக்க, யானை கல்லாகிவிட்டது. நகருக்கு மேற்கே நாகமலை, ஏவிவிட்ட பாம்பு. பசுமலை, ஏவிவிட்ட பசு. பாம்பை வீழ்த்தியது பாண்டியன் கணை, பசுவை எதிர்கொண்டது நந்தி.

கல்வெட்டு வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. யானைமலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழி எழுத்துப் பொறிப்பு இந்த மலையை ‘இவகுன்றம்’ என்கிறது. யானைக் குன்று என்றே பொருள். சமணத் துறவியர் தங்கிய படுக்கைகளுக்கு மேலே, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்து அது. அந்த யானையைச் சமணர் ஏவினார்கள் என்ற கதை எழுந்ததோ மிகப் பிற்காலத்தில். மலையின் உருவம் எப்போதும் அங்கேதான் இருந்தது, அதற்குள் பகைவன் யார் என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770இல் இதே மலையடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்ததும், அவர் மறைந்தபின் தம்பி மாறன் எயினன் முன்மண்டபம் கட்டி முடித்ததும் கல்வெட்டிலேயே இருக்கின்றன. புராணத்துக்கு நரசிங்கக் கணை எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

சமணர் விட்டுப்போன இடங்களில் எல்லாம் மக்களின் கற்பனை குடியேறியது. கீழவளவில் மழமழவென்று செதுக்கிய கற்படுக்கைகளைப் பார்த்து, இவ்வளவு பெரிய கட்டில் பீமனுக்கும் அவன் அண்ணன் தம்பிகளுக்கும்தான் சரிப்படும் என்று முடிவுகட்டி, ‘பஞ்சபாண்டவர் மலை’ என்று பெயரிட்டார்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறையில் வடித்த தீர்த்தங்கரர் ஒருவர் தோள்வரை தொங்கும் காதோடு அமர்ந்திருக்கிறார். அந்தக் காதைப் பார்த்து, இது செட்டியார்தான் என்றார்கள். அந்த இடமே ‘செட்டிப்புடவு’ ஆகிவிட்டது.

இந்த வழக்கம் உலகப் பொது. சர்தீனியாத் தீவின் வெண்கலக் காலப் பெருங்கல் கல்லறைகளுக்கு ‘ராட்சசர் சமாதி’ என்று பெயர். மைசீனியாவின் பெருங்கல் மதில்களை ஒற்றைக்கண் சைக்ளோப்புகள் கட்டியதாக கிரேக்கர்கள் நம்பினார்கள். யார் செய்தது என்று தெரியாத பெரிய வேலையை, பெரிய ஆள் கணக்கில் எழுதிவிடுவது மனித சுபாவம்.

திருப்பரங்குன்றத்துப் பூதத்துக்கும் மன்னிப்பு கிடைக்கவில்லை. குளக்கரையில் பூசை செய்துகொண்டிருந்த நக்கீரர் கண்முன் மரத்து இலை ஒன்று பாதி நீரிலும் பாதி நிலத்திலும் விழுகிறது. நீர்ப்பாதி மீனாகவும் நிலப்பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுக்கின்றன. பூசையில் கவனம் சிதறிய அந்த நொடியில் கற்கிமுகி என்ற பூதம் அவரைத் தூக்கிக் குகையில் அடைக்கிறது. உள்ளே ஏற்கெனவே 999 பேர். ஆயிரம் சேர்ந்த பிறகு ஒரே விருந்தாக உண்பது என்று நோன்பு மாதிரி காத்திருந்த பூதம் அது. நக்கீரர் திருமுருகாற்றுப்படை பாட, முருகனின் வேல் குகையைப் பிளந்து எல்லோரையும் மீட்டது. ஹோமர் பாடிய பாலிஃபீமஸும் ஒடிசியஸின் ஆட்களைக் குகையில் அடைத்துத் தின்றவன்தான். ஆனால் அவன் கைக்குக் கிடைத்ததை அன்றன்றைக்கே தின்று தீர்ப்பவன். அவனிடமிருந்து தப்பிக்க ஒடிசியஸ் தந்திரத்தை நம்பினான், நம்மவர் பாட்டை நம்பினார்.

கற்கிமுகி செய்த குற்றம் பசி அல்ல. ஊருக்கு ஒரு வேலையும் செய்யாமல் ஊரையே தின்னப் பார்த்தது.

கதவுக்குப் பின்னால் ஒரு காவல்காரர்

வேலை செய்கிறவரைப் பார்க்க அழகர்கோயிலுக்குப் போக வேண்டும். கள்ளழகர் கோயிலின் ராஜகோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி இருக்கிறார். இருக்கிறார் என்று சொல்லலாமே தவிர, பார்க்க முடியாது. சிலை கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி மூடியே கிடக்கும் இரட்டைக் கதவுகள்தான் சாமி. அந்தக் கதவுகளுக்குச் சந்தனம் சாத்துகிறார்கள், மாலை போடுகிறார்கள். பக்கத்தில் ஆளுயரத்தையும் தாண்டிய அரிவாள்கள் நிற்கின்றன. அவற்றில் சில மணிகள் கட்டியவை, சிலவற்றில் நேர்ந்துகொண்டவரின் பெயர் வெட்டியிருக்கும். திருப்பாச்சேத்திக் கொல்லுப்பட்டறைகளில் லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்து நீட்டிய அரிவாளைத் தூக்கவே ரெண்டு பேர் வேண்டும். ஒரு கையால் இதைச் சுழற்றுகிறவர் எவ்வளவு உயரம் இருப்பார் என்பதைப் பார்க்கிறவர் தாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தஞ்சைப் பெரிய கோயில் சிற்பி வேறு வழியில் இதே கணக்கைப் போடவைத்தார். அங்கே துவாரபாலகரின் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்குகிறது. யானையே அந்த அளவு என்றால் மேலே நிற்பவர் எந்த அளவு?

கருப்பர் இங்கே வேலைக்குச் சேர்ந்த கதை ஒரு நேர்காணல் போல இருக்கும். மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்தார்கள். அவர்களோடு காவலுக்கு வந்த தெய்வம் கருப்பர். அழகரின் அழகில் சொக்கி அங்கேயே நின்றுவிட்டார். மந்திரவாதிகள் பிடிபட்டுப் பதினெட்டுப் படிகளுக்குக் கீழே புதைக்கப்பட்டார்கள். திருட வந்த கூட்டத்தோடு வந்தவரிடமே கோயில் காவல் ஒப்படைக்கப்பட்டது. கூலி, அழகருக்குப் படைக்கும் அர்த்தசாம நைவேத்தியம். கோயில் பூட்டியதும் சாவி இவர் சன்னிதிக்கு வரும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரை புறப்படும்போது அவர் அணிந்திருக்கும் நகைகளின் பட்டியல் இந்தக் கதவுக்கு முன்னால்தான் வாசிக்கப்படும். திரும்பி வந்ததும் மறுபடியும் சரிபார்ப்பு. மாமனார் சொத்தில் பங்கு தகராறா, கொடுத்த கடனை இல்லை என்கிறானா? வா, கருப்பர் கதவுக்கு முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணு என்பதுதான் இந்தப் பக்கத்துப் பேச்சு. பொய்ச் சத்தியம் பண்ணத் துணிகிறவர் குறைவு.

பூதத்தை ஊர்க்காவலுக்கு வைப்பது பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் சதுக்கப்பூதம் கையில் பாசக்கயிற்றோடு நாற்சந்தியில் நிற்கிறது. போலித் துறவி, பொய்ச்சாட்சி சொல்பவன், பிறன்மனை நயப்பவன், புறங்கூறுபவன் எல்லோரும் அதற்கு இரை. அதே காப்பியத்தின் மதுரையில் நான்கு காவல் பூதங்கள். பாண்டியன் கோல் வளைந்து கண்ணகியின் தீ நகரைப் பற்றியபோது, அந்த நான்கும் ஊரை விட்டு வெளியேறிவிடுகின்றன. அரசன் நீதி தவறினால் காவலும் கிடையாது. ஒப்பந்தத்தின் இன்னொரு ஷரத்து அது.

இந்த ஒப்பந்தம் மண்ணில் நடைமுறையில் இருந்தது. மதுரைச் சமவெளியில் பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகத்தார் ஊர்களுக்குக் காவல் காத்தார்கள். அறுவடையில் காவல்கூலி தானியமாக வரும். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். கருப்பர், முனியாண்டி போன்ற காவல் தெய்வங்களுக்கு விதித்த நிபந்தனையும் ஏறத்தாழ இதேதான். பலசாலியின் பலத்துக்கு ஊர் அஞ்சியது, அந்த அச்சத்தைக் கூலியாக மாற்றி அவரையே வேலியாக்கிக்கொண்டது.

ஆங்கிலேய அரசுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. அவர்கள் கண்ணுக்குக் காவல்கூலி மிரட்டிப் பறித்த பணமாகத் தெரிந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கிப் பிரமலைக் கள்ளர்மீது பாய்ந்தது. ஊரைக் காத்தவர்கள் இரவில் காவல்நிலையத்தில் கைரேகை வைத்துப் படுக்க வேண்டிய நிலை வந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியது. மனிதக் காவல்காரரைச் சட்டம் குற்றவாளி ஆக்கிய அந்தக் காலம் முழுவதும், சாமிக் காவல்காரருக்குப் படையல் மட்டும் நிற்கவில்லை.

கூலி கொடுக்காத ஊர்கள்

மற்ற நாட்டு ராட்சசர்களின் அனுபவம் எப்படி? ஸ்காண்டிநேவியப் புராணத்தில் தேவர் கோட்டைக்கு மதில் கட்ட ஒரு கொத்தன் வருகிறான். கூலியாக சூரியன், சந்திரன், ஃப்ரேயா தேவி மூன்றும் கேட்கிறான். குறித்த கெடுவுக்குள் வேலை முடிந்துவிடும் போலத் தெரிந்ததும், லோகி பெண் குதிரையாக மாறி அவனுடைய வண்டிக் குதிரையை மயக்கி இழுத்துப் போகிறான். கெடு தப்புகிறது. ஆத்திரத்தில் கொத்தன் ராட்சசன் என்பது வெளிப்பட, தோர் சம்மட்டியால் அவன் மண்டையைப் பிளக்கிறான். மதில் மிச்சம், கூலி மிச்சம்.

மதுரையிலும் இதற்கு ஒப்பான கதை ஒன்று உண்டு. திருமலை நாயக்கர் மகாலில் கூரைத் துளை ஒன்றைக் காட்டி, திருடன் இறங்கிய வழி என்பார்கள். நகையைத் திருப்பித் தந்தால் ஜாகிர் தருகிறேன் என்று மன்னர் அறிவிக்க, திருடன் நம்பி வந்தானாம். சொன்னபடி ஜாகிரையும் கொடுத்து, கையோடு அவன் தலையையும் வாங்கிவிட்டாராம் நாயக்கர். அரண்மனை அறம் வேறு, ஊர் அறம் வேறு.

மெசபடோமியாவின் ஹும்பாபா தேவதாருக் காட்டைக் காக்க என்லில் தெய்வம் நியமித்த காவலன். புகழுக்காகவும் மரத்துக்காகவும் கில்காமேஷ் தோழனோடு போய் அவனைக் கொன்றான். 2014இல் வெளியான ஒரு களிமண் பலகையின் வாசகம், அந்தக் காடு குரங்குகளும் பறவைகளும் ஒலியெழுப்பும் அரசவையாக இருந்ததையும், கொன்றவர்களுக்குப் பின்னால் உறுத்தல் வந்ததையும் காட்டியது.

நம் வழிக்கு நெருங்கி வந்தவர்களும் உண்டு. லண்டன் கில்டுஹாலில் காக், மேகாக் என்ற இரு ராட்சசர்கள் நிற்கிறார்கள். பிடித்துவந்து சங்கிலியில் கட்டி அரண்மனை வாயில்காப்போர் ஆக்கப்பட்டவர்கள் என்பது கதை. 1708இல் செதுக்கிய சிலைகள் 1940 டிசம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்துபோக, 1953இல் புதிதாகச் செய்து வைத்தார்கள். காவல்காரர் இல்லாமல் நகரத்தை விட மனசில்லை போலும். பாங்காக்கின் வாட் அருண் கோயில் வாசலில் பச்சை நிறத்தில் கோரைப்பல்லோடு நிற்பவர் யார் தெரியுமா? தொத்சகன், நம் தசகண்டன் ராவணனேதான். அங்கே அவர் புத்தருக்கு வாயிற்காப்போன்.

கூலி அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மகாபாரதத்துப் பகாசுரன் சாட்சி. ஏகசக்கரத்தின் மன்னன் பலவீனன். அந்த ஊரைப் பகைவரிடமிருந்து காத்தது பகன்தான். பதிலுக்குத் தினம் ஒரு வண்டிச் சோறும், இரண்டு எருமையும், அவற்றை ஓட்டிப்போகும் ஆளும் கேட்டான். சோறு சரி, ஆள் கூடாது. பீமன் போய் அந்த வண்டிச் சோற்றைத் தானே உட்கார்ந்து தின்றுவிட்டு ஒப்பந்தத்தை ரத்து செய்தான்.

ஒரு வீட்டு அடுப்பு போதாது

மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகருக்கு விநாயகர் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் ஒரே ஒரு கொழுக்கட்டை படைப்பார்கள். ஆளை மிஞ்சிய அந்தப் பிள்ளையார், திருமலை நாயக்கர் காலத்தில் வண்டியூர் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் என்பது கோயில் வழக்கு. அவருக்குச் சின்னக் கொழுக்கட்டைகளாக ஆயிரம் பிடித்து வைக்கக் கூடாதா? வைத்தால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஒரே கொழுக்கட்டை என்றால் அத்தனை பேரும் ஒன்றிலிருந்து பிட்டுத்தான் ஆக வேண்டும்.

திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமிக்கு நடக்கும் விழாவில் இதை இன்னும் பெரிய அளவில் பார்க்கலாம். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் எல்லாம் பெயர்ப்பலகையாகத் தொங்கும் ‘முனியாண்டி விலாஸ்’ கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். முதல் கடையை 1937இல் காரைக்குடியில் திறந்தவர் வடக்கம்பட்டி சுப்பா நாயுடு. ஓட்டல்காரர்கள் ஆண்டு முழுக்கத் தினசரி வசூலில் சாமிக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். தை மாதம் ஒரு பிரிவினர், மாசியில் இன்னொரு பிரிவினர் ஊருக்குத் திரும்பி வந்து விழா எடுப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கிடா வெட்டி, சேவல் அறுத்து, வரிசையாக அண்டாக்கள் ஏற்றி, விடியும்போது பிரியாணி தயார். வாளியோடும் தூக்குச் சட்டியோடும் சுற்றுவட்டாரமே வரிசையில் நிற்கும். நீ யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்கிற வழக்கம் இல்லை. சுருட்டும் சாராயமும் கேட்கிற முனி என்று பயந்த சாமிதான். அவர் பேரைச் சொல்லித்தான் ஆயிரக்கணக்கான வயிறு நிறைகிறது.

அய்யனாருக்குப் புரவி எடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும். விழா நடத்துவதென்று ஊர் முடிவெடுத்தால், கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி வேளாரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அவர் கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நான்கு கால்களைத் தூண்களாக எழுப்புவார். கால் காய்ந்து பாரம் தாங்கும் பதம் வந்த பிறகே வயிறு, அப்புறம் கழுத்து. உள்ளே கூடு, வெளியே மணி, சலங்கை, பிதுங்கிய கண். சூளையில் வெந்து வந்த குதிரையைத் தோளில் சுமந்து கோயில் சேர்க்க ஆள்கட்டு வேண்டும், செலவுக்குத் தலைக்கட்டு வரி வேண்டும். பொட்டலில் நள்ளிரவு வேட்டைக்குப் போகும் அய்யனாருக்கும், குதிரையின் முன்காலைத் தாங்கி நிற்கும் பூதத்துக்கும் ஆகும் செலவை எந்தப் பண்ணையாரும் தனியாகக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் சாமி அவர் வீட்டுச் சாமி ஆகிவிடும்.

ராட்சசனுக்கு ஏன் அவ்வளவு பெரிய பசி என்று இங்கேதான் புரிகிறது. ஒரு வீட்டால் தீர்க்க முடிகிற பசியாக இருந்தால் ஊர் கூட வேண்டிய அவசியமே இல்லை. குண்டோதரன் தடாதகையின் பெருமிதத்துக்குச் சொன்ன பாடமும் அதுதான்: எவ்வளவு பெரிய அரண்மனையாக இருந்தாலும் ஒரு வீட்டு மடைப்பள்ளி போதாது. மண் சோறு தர வேண்டும், ஆறு தண்ணீர் தர வேண்டும்.

உயரும் சிலைகள்

இப்போது சாமிகளின் உயரம் ஏறிக்கொண்டே போகிறது. மலேசியாவின் பத்துமலையில் 2006இல் 140 அடி முருகன் எழுந்தார். 2022இல் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடிக்கு எழுப்பினார்கள். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் குதிரை முப்பதடிக்கு மேல் நிற்கிறது. மாசி மகத்துக்கு அதன் கழுத்து காகித மாலைகளில் மறைந்துபோகும். மதுரையைச் சுற்றியும் கருப்பர்கள் சிமெண்டில் வளர்கிறார்கள். நன்கொடை கொடுத்தவர் பெயர் பளிங்கில் பளிச்சென்று தெரிகிறது.

இதெல்லாம் கெட்டுப்போன காலம் என்று புலம்பத் தேவையில்லை. பெரிய உருவத்தின் மீது ஆசை எப்போதும் இருந்ததுதான், 770இல் மலையையே குடைந்தவர்களும் நம் ஆட்கள்தான். தேவையான இடத்தில் ஊர் இன்னும் ஒன்றுசேரவும் செய்கிறது. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் அரசுத் திட்டம் வந்தபோது சுற்றியுள்ள கிராமங்கள் திரண்டு எதிர்த்தன, திட்டம் நின்றது. கல்லாய்ப் படுத்த யானைக்கு அன்று ஊர்தான் காவல்.

ஆனால் சிமெண்ட் சிலையை ஒரு தனவந்தர் தனியாகவே எழுப்பிவிட முடியும். புரவி எடுப்பை அப்படிச் செய்ய முடியாது. இன்றைக்கு எத்தனையோ ஊர்களில் முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்குள் வரலாம், எந்தத் தெருக்காரர் குதிரையைத் தொட்டுத் தூக்கலாம் என்ற வழக்கில் பிடிமண்ணே கொடுக்கப்படாமல் விழா நின்று கிடக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம், வாசலில் போலீஸ் ஜீப். சாமி காவலுக்கு எப்போதும் தயார்தான். கூலி கொடுக்க வேண்டிய ஊர்தான் இரண்டாகக் கிடக்கிறது.